ஆய்வறிக்கையில் உள்ள எண் எதை அளந்தது? மூலிகைத் துணையுணவுகளும் ஆய்வுகூடமும்

திருகோணமலை நகரின் மருந்துச் சரக்குக் கடைகளில், சாக்கில் கிடக்கும் அமுக்கராக் கிழங்குக்கும் கோரைக்கிழங்குக்கும் பக்கத்திலேயே, இப்போது பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்த மூலிகைக் கப்சூல்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. சரக்கை வாங்குபவர் அதை முறித்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குவார். பழக்கப்பட்ட பரியாரியார் ஒருவரின் மூக்கு பல சமயங்களில் நல்ல கருவிதான். கப்சூலில் அந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடுகின்றன. வாங்குபவருக்கு மிஞ்சுவது சிட்டையில் அச்சிட்ட ஓர் எண்ணும், 'ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டது' என்ற வாசகமும் மட்டுமே. அந்த எண் எப்படிப் பெறப்படுகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறியாமல் அதை நம்புவதும் தவறு, முற்றாகப் புறக்கணிப்பதும் தவறு.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். சிட்டையில் 'மஞ்சள் 500 மில்லிகிராம்' என்றிருந்தால் அது இரண்டு வெவ்வேறு பொருட்களில் எதையும் குறிக்கலாம். உலர்ந்த மஞ்சளை அரைத்த தூளாக இருந்தால், அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமினொயிட் சேர்மங்கள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். 3 சதவீதம் என்று கொண்டால் ஒரு கப்சூலில் 15 மில்லிகிராம் கிடைக்கும். கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சாறாக இருந்தால், வணிகத்தில் வழக்கமான செறிவு 95 சதவீதம். அதே 500 மில்லிகிராமில் 475 மில்லிகிராம் குர்குமினொயிட் இருக்கும். ஒரே சொல், ஒரே எடை, ஆனால் முப்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. ஆகவே செயற்படு சேர்மத்தை அளந்து சொல்லாத சிட்டை, மருந்தளவு பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாத சிட்டை.

இந்தக் கேள்வி திருகோணமலைக்கு அந்நியமானதல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. கப்பல்துறையில் ஆயுர்வேத ஆதார வைத்தியசாலை இயங்குகிறது. வல்லாரை, முருங்கை, மஞ்சள் ஆகியவற்றைத் தூளாக்கிச் சிறு அளவில் விற்கும் முயற்சிகளும் ஊருக்கு ஊர் தலைகாட்டுகின்றன. அப்படி ஒருவர் தமது பொருளை அளந்து பார்க்க விரும்பினால், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற, கட்டணத்துக்குப் பரிசோதனை செய்துகொடுக்கும் ஆய்வுகூடங்களுக்கு மாதிரியை அனுப்பலாம். சட்டத்தின் பக்கம் சற்றுச் சிக்கலானது: பாரம்பரிய மருந்து என்றால் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், உணவு என்றால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், இரண்டுக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கோட்டுப் பொருள் என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கிய 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். ஒரே மூலிகை, எந்த வடிவத்தில் எந்த உரிமைகோரலுடன் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு மேசைகளுக்குப் போகும்.

சேர்மத்தை அளப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது அந்தத் தாவரம்தானா? இதைப் பலர் கடந்து போகிறார்கள், ஆனால் என் கணிப்பில் பணம் குறைந்த உற்பத்தியாளர் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கீழாநெல்லி என்ற பெயரில் பறிக்கப்படும் சிறு செடிகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல; ஒன்றுக்கொன்று மிக ஒத்த பல பில்லாந்தஸ் இனங்கள் ஒரே வேலியோரத்தில் வளர்கின்றன. ஈரலுக்கு நல்லது என்று ஆய்வுகளில் பேசப்படும் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் சேர்மங்கள் பில்லாந்தஸ் அமாரஸ் இனத்தில் நல்ல அளவில் உள்ளன. அதன் உறவினச் செடிகள் சிலவற்றில் அவை மிகக் குறைவு. உலர்த்தித் தூளாக்கிய பின் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

நுணுக்குக்காட்டி இதில் பலர் எண்ணுவதைவிட அதிக வேலை செய்யும். இலங்கையில் 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பல மடங்காக ஏறியபோது, அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள்தூள் கடைகளுக்கு வந்தது நினைவிருக்கும். மஞ்சள் கிழங்கு அவித்து உலர்த்தப்படுவதால் அதன் மாப்பொருள் மணிகள் குழைந்து கட்டிகளாக மாறிவிடுகின்றன. அந்தத் தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும்போது உருக்குலையாத, தனித்தனியான மாப்பொருள் மணிகள் ஏராளமாகத் தென்பட்டால், அவிக்கப்படாத மாவு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இதற்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் கருவியே போதும்.

அடுத்த படி, டிஎல்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மென்படல நிறப்பகுப்பு. சிலிக்கா பூசிய ஒரு தகட்டின் அடியில் மூலிகைச் சாற்றை ஒரு புள்ளியாக இட்டு, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது ஒவ்வொரு சேர்மமும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் தங்கிவிடுகிறது. பக்கத்திலேயே அடையாளம் உறுதிசெய்யப்பட்ட செடியின் சாற்றையும் இட்டுப் பார்த்தால், இரண்டு வரிசைகளும் பொருந்துகின்றனவா என்பது புலப்படும். மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் புறவூதா விளக்கின் கீழ் பளிச்சென்று ஒளிர்வதால் தகட்டில் உடனே தெரிந்துவிடும். ஆனால் பெர்பெரின் மரமஞ்சளுக்கு மட்டும் உரியதல்ல. வேறு குடும்பத் தாவரங்களிலும் இருக்கிறது. ஆதலால் ஒரு புள்ளியைக் கண்டு முடிவெடுக்காமல் முழு வரிசையையும் ஒப்பிடவேண்டும். கோட்டு வரிசை முழுவதையும் தாவரத்தின் கைரேகை போலக் கொள்வதே இந்த முறையின் பலம்.

அளவிடுதல் என்று வரும்போது இன்று பெரும்பாலான ஆய்வுகூடங்கள் நாடுவது எச்பிஎல்சி எனப்படும் உயர்செயற்றிறன் திரவ நிறப்பகுப்பை. குறித்த எடையுள்ள தூளை மெதனோல் போன்ற ஒரு கரைப்பானில் ஊறவைத்து, குலுக்கி, வடிகட்டி, அந்தத் திரவத்தில் மிகச் சிறிதளவை உயர் அழுத்தத்தில் ஒரு மெல்லிய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். குழாய்க்குள் நெருக்கமாக அடைக்கப்பட்ட நுண்துகள்களுடன் ஒவ்வொரு சேர்மமும் வேறு வேறு அளவில் ஒட்டி விடுபட்டு, வேறு வேறு நேரத்தில் வெளியே வருகிறது. வெளிவாயிலில் உள்ள உணரி, அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைப் பதிவுசெய்து வரைபடத்தில் ஒரு முகடாக வரைகிறது. மஞ்சளைப் பரிசோதிக்கும்போது 425 நானோமீற்றர் அலைநீளத்துக்கு அண்மையில் மூன்று முகடுகள் தோன்றுகின்றன: பிஸ்டிமெதொக்சிகுர்குமின், டிமெதொக்சிகுர்குமின், குர்குமின். மூன்றிலும் பெரியது குர்குமின். மொத்தத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட அதுவே.

முகட்டின் பரப்பளவு தன்னளவில் எடையாகிவிடாது. தூய்மை தெரிந்த நியமப் பொருள் ஒன்றைப் பல செறிவுகளில் அதே கருவியில் செலுத்தி, பரப்பளவுக்கும் செறிவுக்கும் உள்ள தொடர்பை முதலில் நிறுவவேண்டும். அதன் பிறகே மாதிரியின் முகடு மில்லிகிராமாக மாறும். இந்த நியமப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து மில்லிகிராம் கணக்கில் வாங்கவேண்டும், அவற்றின் விலை அதிகம். நமது மூலிகைகள் பலவற்றின் சேர்மங்களுக்கு நியமப் பொருள் விற்பனைக்கே வருவதில்லை. இலங்கையில் எந்தச் சேர்மம் அளக்கப்படுகிறது, எது அளக்கப்படாமல் விடப்படுகிறது என்பதை அறிவியலைவிட இந்த விலைப்பட்டியலே பல இடங்களில் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

எச்பிஎல்சி வருவதற்கு முன்பும், செலவைக் குறைக்க இன்றும், நிறமாலை ஒளிமானி என்ற எளிய கருவி பயன்படுகிறது. அது சேர்மங்களைப் பிரிப்பதில்லை. கரைசல் முழுவதும் சேர்ந்து எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தாலும் அது மஞ்சளாகவே கணக்கில் சேரும். அமுக்கராவிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. அதன் விதானோலைட் சேர்மங்களைப் பிரித்தெடுத்து, உலர்த்தி, நிறுத்துச் சொல்லும் பழைய முறையில், கூடவே ஒட்டிவரும் பிற பொருட்களின் எடையும் சேர்ந்துகொள்வதால் சதவீதம் உயர்ந்து காட்டும். அதே பொருளை எச்பிஎல்சியில் அளந்தால் எண் குறையும். அதனால் 5 சதவீதம் என்று எழுதிய போத்தல் 2.5 சதவீதம் என்று எழுதிய போத்தலைவிட வீரியமானது என்று, இரண்டும் எந்த முறையில் அளக்கப்பட்டன என்பதைப் பாராமல் சொல்ல முடியாது.

ஒரு சோதனை முறை பரவலாகத் தெரிந்துவிட்டால், அதை ஏமாற்றும் வழியும் அந்த முறையின் வடிவத்திலேயே உருவாகிறது. பால்மாவில் புரதத்தை நேரடியாக அளக்காமல் நைதரசனை அளந்து கணக்கிட்டதால்தான், நைதரசன் நிறைந்த மெலமைனைக் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்ட முடிந்தது. 2008 இல் சீனாவில் குழந்தைகளைப் பாதித்த விபரீதம் அது. மூலிகைத் துறையிலும் இதே கதைதான். கண்பார்வைக்கென்று விற்கப்படும் பில்பெரிப் பழச்சாற்றின் நிறச் சேர்மங்களான அந்தோசயனின்களை ஒளிமானியால் அளந்துவந்த காலத்தில், அமராந்த் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைக் கலந்த சரக்கு அந்தச் சோதனையில் தேறியது; எச்பிஎல்சியில் போட்டபோது பழத்தில் இருக்கவேண்டிய முகடுகளுக்குப் பதிலாகச் சாயத்தின் முகடு எழுந்தது.

எச்பிஎல்சியையும் ஏமாற்றலாம் என்பதற்கு ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாறு சாட்சி. தரமான ஜின்கோச் சாற்றில் பிளேவோன் கிளைக்கோசைட்டுகள் 24 சதவீதமும் டெர்பீன் லக்டோன்கள் 6 சதவீதமும் இருக்கவேண்டும் என்பது துறையில் நிலைபெற்ற அளவு. பிளேவோன் கிளைக்கோசைட்டுகள் பல வகையாக இருப்பதால், அமிலத்தில் காய்ச்சிச் சர்க்கரைப் பகுதியை உடைத்து, மிஞ்சும் குவெர்செட்டின், கெம்ப்ஃபெரோல், ஐசோராம்னெட்டின் என்ற மூன்றையும் அளந்து 24 சதவீதத்துக்குக் கணக்கிடுவார்கள். மலிவாகக் கிடைக்கும் குவெர்செட்டினையோ, காய்ச்சினால் குவெர்செட்டினாக மாறும் ரூட்டினையோ சிறிது சேர்த்துவிட்டால் மொத்தம் சரியாக வந்துவிடும். மூன்றின் கூட்டுத்தொகையோடு நிற்காமல் ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தையும் பார்க்கும் ஆய்வாளருக்கே, குவெர்செட்டின் இயல்புக்கு மீறி ஓங்கியிருப்பது புலப்படும். செயற்கையாகத் தயாரித்த குர்குமினும் இப்படித்தான் பிடிபடுகிறது. கிழங்கிலிருந்து வந்தால் மூன்று முகடுகள் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் சந்தேகம் எழும். மூன்றையும் செயற்கையாகக் கலந்தாலும் காபன் 14 சோதனை காட்டிக்கொடுத்துவிடும், ஏனெனில் பெற்றோலியத்திலிருந்து பெறப்பட்ட காபனில் அந்தக் கதிரியக்க ஓரிடமூலகம் எஞ்சியிருப்பதில்லை.

இனி மிகவும் சங்கடமான கேள்வி. அளக்கப்படும் சேர்மம்தான் உடலில் வேலை செய்யும் சேர்மமா? பல மூலிகைகளில் ஆய்வுகூடம் அளப்பது ஓர் அடையாளச் சேர்மத்தை மட்டுமே. அளப்பதற்கு எளிதாக இருப்பதும் எப்போதும் இருப்பதுமே அதன் தகுதி. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பயன்படும் புனித யோவான் பூண்டின் சாறு நெடுங்காலமாக 0.3 சதவீத ஹைப்பெரிசின் என்ற அளவால் தரப்படுத்தப்பட்டு வந்தது. பின்னர் அதன் செயலில் பெரும்பங்கு ஹைப்பர்ஃபோரின் என்ற வேறொரு சேர்மத்துக்கு உரியது என்ற கருத்து வலுப்பெற்றது. ஈரலின் நொதியங்களைத் தூண்டிக் கருத்தடைக் குளிசை முதலிய வேறு மருந்துகளின் செறிவைக் குறைத்துவிடுவதும் அதே ஹைப்பர்ஃபோரின்தான். ஹைப்பெரிசின் எண்ணை மட்டும் வாசித்தவருக்கு நன்மையும் தெரிந்திருக்காது, ஆபத்தும் தெரிந்திருக்காது.

இலங்கையர் நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு எனப்படும் சலாசியா ரெட்டிகுலேட்டா, நீரிழிவுக்கென்று தேநீராகவும் கப்சூலாகவும் விற்கப்படுகிறது. குடலில் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும் சலாசினோல் என்ற சேர்மத்தை, இந்தத் தாவரத்திலிருந்து யப்பானிய ஆய்வாளர்கள் 1997 இல் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கொத்தலனோல் என்ற இன்னொன்றையும் அறிவித்தார்கள். இவை சர்க்கரையை ஒத்த கட்டமைப்புக் கொண்டவை. புறவூதா ஒளியை உறிஞ்சும் பகுதி அவற்றில் இல்லை என்பதால் வழக்கமான எச்பிஎல்சி உணரிக்கு அவை கிட்டத்தட்டத் தென்படாதவை. அவற்றை அளக்க, மூலக்கூறுகளை அவற்றின் திணிவைக் கொண்டு இனங்காணும் திணிவு நிறமாலைமானி இணைந்த, விலையுயர்ந்த கருவி வேண்டும். அதே தாவரத்தில் மாங்கிஃபெரின் என்ற சேர்மமும் இருக்கிறது. அது புறவூதாவில் நன்றாகத் தெரியும், நியமப் பொருளும் கிடைக்கும். ஆகவே பல இடங்களில் மாங்கிஃபெரினே அடையாளச் சேர்மமாக அளக்கப்படுகிறது. பெயரே சொல்வதுபோல, மாங்கிஃபெரின் மாமரத்திலும் தாராளமாக உண்டு. மாவிலைத் தூளைச் சேர்த்தவர் அந்தச் சோதனையில் கூடுதல் புள்ளி பெற்றுவிட முடியும். வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைட்டும் புறவூதாவில் மங்கலாகவே தெரியும் வகைதான். நாம் நாளாந்தம் சம்பலாகச் சாப்பிடும் கீரை என்பதற்காக அதை அளப்பது எளிதாகிவிடாது.

செயற்படு சேர்மம் சரியாக இருப்பதும் பொருள் பாதுகாப்பானது என்பதும் வேறு வேறு கேள்விகள், வேறு வேறு சோதனைகள். கறுவாவில் இது தெளிவாகத் தெரியும். நமது இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். சந்தையில் கறுவா என்றே விற்கப்படும் கசியாப் பட்டையில் அது பன்மடங்கு அதிகம், சில மாதிரிகளில் ஒரு சதவீதத்தை நெருங்கும். ஈரலைப் பாதிக்கக்கூடிய இந்தச் சேர்மத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுத்த நாளாந்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 மில்லிகிராம். 0.3 சதவீதக் கூமரின் கொண்ட கசியாத் தூள் 2 கிராம் உண்டால் எல்லை எட்டிவிடும். சர்க்கரையைக் குறைக்கும் என்று கறுவாக் கப்சூலை மாதக்கணக்கில் விழுங்குபவருக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

பார உலோகங்களுக்குத் தனிக் கருவி, தனிக் கட்டணம். உலக சுகாதார நிறுவனம் மூலிகை மூலப்பொருளுக்குக் கொடுத்த எல்லை ஈயத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், கட்மியத்துக்கு 0.3 மில்லிகிராம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14 இல் ஈயம், இரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004 இல் வெளியான ஆய்வு, இத்துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதைவிட ஆபத்தானது, மூலிகைக்குள் நவீன மருந்தை ஒளித்துக் கலப்பது: மூட்டுவலிக் குளிசையில் ஸ்டீரொயிட், மெலியும் கப்சூலில் சிபுட்ரமின், ஆண்மைக்கென்று விற்பதில் சில்டெனாஃபில். சிங்கப்பூரில் 2008 இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை கடுமையாக வீழ்ந்து வைத்தியசாலைக்கு வந்தனர், நால்வர் இறந்தனர். சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மைப் பொருட்களில் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. ஒரு மூலிகைப் பொருள் முதல் நாளே கண்கூடாக வேலை செய்கிறது என்றால், அதைப் பாராட்டுவதற்கு முன் திணிவு நிறமாலைமானியில் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். அங்கும் எல்லை உண்டு: மூலக்கூறைச் சற்று மாற்றியமைத்தால், தெரிந்த மருந்துகளின் பெயர்ப்பட்டியலை வைத்துத் தேடும் சோதனை அதைத் தவறவிட்டுவிடும்.

மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. 2015 இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர், பெரிய கடைத்தொடர்களில் விற்ற மூலிகைப் பொருட்கள் பலவற்றில் சிட்டையில் சொன்ன தாவரத்தின் டிஎன்ஏ இல்லை என்று அறிவித்தார். கரைப்பானாலும் வெப்பத்தாலும் பிரித்தெடுத்த சாற்றில் டிஎன்ஏ சிதைந்தோ நீங்கியோ போயிருக்கும் என்பதை வேதியியலாளர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். தூளுக்கு அது நல்ல சோதனை. சாற்றுக்குப் பொருந்தாத சோதனை.

குடிநீராகக் காய்ச்சிக் குடிக்கும் நமது வழக்கத்துக்கும் ஆய்வுகூட எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. நிலவேம்பின் கசப்புச் சேர்மமான ஆந்த்ரோகிராஃபோலைட்டை ஆய்வாளர் மெதனோலில் பிரித்து அளக்கிறார். அது தண்ணீரில் சொற்பமாகவே கரையும். தூளில் இவ்வளவு இருக்கிறது என்ற எண், காய்ச்சி வடித்த குவளையில் எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டாது. அதற்கு வடித்த குடிநீரையே மாதிரியாக அனுப்பவேண்டும். ஒன்பது சரக்குகளின் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் வரைபடத்தைப் பிரித்து வாசிப்பதும் இலேசான வேலையல்ல.

கடைசியாக அறிக்கைத் தாள். அதில் தேடவேண்டியவை: பரிசோதித்த முறையின் பெயர், தொகுதி இலக்கம், மாதிரி பெற்ற திகதி, ஆய்வுகூடங்களின் தகுதிக்கான சர்வதேச நியமமாகிய ஐஎஸ்ஓ 17025 இன் தரச்சான்று ஆய்வுகூடத்துக்கு அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கே உண்டா என்பது, சதவீதம் உலர்ந்த எடைக்கா உள்ளபடியான எடைக்கா என்பது. கடலோர ஊரான நமக்கு இறுதியில் சொன்னது விசேடமாகப் பொருந்தும். 5 சதவீத ஈரப்பதத்தில் 3 சதவீதக் குர்குமினொயிட் காட்டிய மஞ்சள்தூள், மாரிகாலத்தில் திறந்து கிடந்து ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு ஏறினால், ஒரு துளி குர்குமினொயிட்டும் சிதையாமலே 2.8 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பெரும்பாலான அறிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். மாதிரியை அனுப்பியவர் பெரும்பாலும் உற்பத்தியாளரே. கடைத் தட்டிலிருந்து மூன்றாம் நபர் ஒருவர் வாங்கி அனுப்பிய போத்தலின் அறிக்கையும், தொழிற்சாலையிலிருந்து தெரிந்தெடுத்து அனுப்பிய போத்தலின் அறிக்கையும் ஒரே மாதிரித் தாளில், ஒரே முத்திரையுடன்தான் வரும்.